உள்ளான அழைப்பு

முதல் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. இரண்டாம் மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில், தூணை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, தள்ளி உட்கார்ந்தால் வேர்க்கிறது, எழுபத்தொரு வயதுக்கு இந்தத் தூணடிதான் தோதான இடம். சட்டைப் பையில் காகிதம் இருக்கிறது. நாலாக மடித்தது. அன்னப்பழம் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, காகிதத்தின் மூலை அதன் வழியாக நெஞ்சில் குத்துகிறது, மூச்சை இழுக்கும்போதெல்லாம் இருக்கிறேன் இருக்கிறேன் என்கிறது. நேற்று மத்தியானம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். கனம் பேராயர் அவர்களுக்கு. மேற்படி சுகிர்தா தனக்கு ஊழியத்துக்கு அழைப்பு இல்லை என்று ஏழு வருஷத்துக்கு முன் கல்லறைத் தோட்டத்தில் வைத்து என்னிடம் தன் வாயால் சொன்னாள். இது உண்மை. இப்படிக்கு ஞானாதிக்கம், ஓய்வுபெற்ற உபதேசியார், நல்விளை. நாலு வரிக்கு மூன்று தாள் கிழித்தேன். மேற்படி என்ற சொல்லை எழுதியதும் எனக்கே ஒரு அதிகாரம் வந்த மாதிரி இருந்தது, எழுத்துகூட நேரானது. இன்றைக்கு ஓலை வாசிப்பார்கள். கல்யாண ஓலை இல்லை. அடுத்த மாதம் பேராயர் சுகிர்தாவின் தலையில் கை வைத்துக் குருப்பட்டம் கொடுக்கப்போகிறார், அதற்கு முன்னால் அவள் ஞானஸ்நானம் எடுத்த இந்தச் சபையில் அறிவிப்பு வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கோயில்பிச்சை, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவன், இன்னும் விசில் ஊதுகிற மாதிரியே உதட்டைக் குவித்துக்கொண்டு என் காதில் சொல்கிறான்: "கல்யாணத்துக்கு மூணு ஓலை வாசிக்காவ அண்ணாச்சி, ஐயர் பட்டத்துக்கு ஒரே ஓலை. பொண்டாட்டிய விட சபை லேசுன்னு நெனச்சிட்டாவளோ." நான் சிரிக்கவில்லை. ஆட்சேபணை ஒன்று எழுத்தில் போய்விட்டால் பட்டத்தை நிறுத்தி வைத்துத்தான் விசாரிப்பார்கள். விசாரணை என்று உட்கார்ந்தால் அது ஒரு வருஷத்திலும் முடியும், நாலு வருஷத்திலும் முடியும். எனக்குத் தெரியும். நான் முப்பத்தேழு வருஷம் உபதேசியாராக இருந்தவன்.

உபதேசியார் என்றால் பாதி. முழுசு ஐயர். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் வீட்டம்மாளை ஐயரம்மா. உபதேசியார் சின்னச் சபைகளைப் பார்த்துக்கொள்ளலாம், மணி அடிக்கலாம், ஜெபம் நடத்தலாம், பிரசங்கமும் பண்ணலாம். ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. திருவிருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுக்கக் கூடாது. கழுவலாம். முப்பத்தேழு வருஷம் கழுவியிருக்கிறேன், பளபளவென்று, என் மூக்கு அதில் வாழைப்பூ மாதிரி நீளமாகத் தெரியும். காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்த அன்னப்பழம் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பையில என்ன, இன்னொரு அழைப்பா?" என்றாள். நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு எங்கே குத்தினால் எவ்வளவு ஆழம் போகும் என்று தெரியும். "உனக்கெதுக்கு ஏளா அது" என்றேன். "எனக்கெதுக்கு. நேத்து மூணு தாளைக் கிழிச்சு அடுப்படியில போட்டிருந்தியளே, அடுப்பு பத்தவைக்கப் போட்டியளாக்கும்னு இருந்தேன்" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். கிழித்ததை ஒட்டிப் பார்க்கவும் தெரியும். கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள், இடுப்பு ஒடிந்து தேறியதிலிருந்து கோயிலுக்கு என்னை விட முந்திக் கிளம்பிவிடுகிறாள். அதோ பெண்கள் பக்கத்தில், கடைசிக்கு முந்தின பெஞ்சில், நீலச் சேலை. என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை எனக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொரு அழைப்பா. முதல் அழைப்பு ஒரு அஞ்சலட்டை. முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று, இந்த வேதாகமத்துக்குள்ளேதான் இருக்கிறது, நெகேமியாவுக்கும் எஸ்தருக்கும் நடுவில், பழுப்பேறி, ஓரம் அரித்து. அந்தக் காலத்தில் பத்து வருஷம் உபதேசியாராக இருந்தவர்களில் சிலரைப் பொறுக்கி, இரண்டு வருஷம் படிக்க வைத்து, குருப்பட்டம் கொடுத்தார்கள். பெரிய படிப்பு வேண்டாம், நடத்தையும் ஊழியமும் போதும் என்றார்கள். நான் எட்டாவது வரைதான். இன்ன தேதி காலை பத்து மணிக்கு நேர்காணலுக்கு வரவும் என்று அட்டை வந்தது. மாமனார் வேஷ்டியை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். பச்சைத் துணி விரித்த நீள மேஜை, பின்னால் ஐந்து பேர். நடுவில் அத்தியட்சர், அப்போது பேராயரை அப்படித்தான் சொல்வோம். ஓரத்தில் சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்துச் செயலாளர் வேதமாணிக்கம் சார்வாள், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், என்னை எட்டாவதோடு நிறுத்தியவரும் அவரே. அத்தியட்சர் நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார். "ஞானாதிக்கம், உமக்கு அழைப்பு உண்டா?" உண்டு ஐயா என்றேன். பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்து, கசங்கல் நீவி, பச்சைத் துணியின் மேல் வைத்தேன். அத்தியட்சர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது இல்லை, உள்ளான அழைப்பு" என்றார். சந்தேகப்படுகிறார்கள் போல, தானாக நுழைந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள் போல என்று பயந்துபோய், "ஆமா ஐயா, பியூன்தான் உள்ள கூப்பிட்டாரு" என்றேன்.

வேதமாணிக்கம் சார்வாள் சிரித்தார். மற்றவர்களும் சிரித்திருப்பார்கள், எனக்கு அவர் சிரிப்பு ஒன்றுதான் கேட்டது. அவர் சிரிப்பு வாயால் சிரிப்பது இல்லை, தோள் இரண்டும் குலுங்கி, மூக்கு வழியாக ஒரு கனைப்பு வந்து, பிறகு பல் தெரியும். கீழே இறங்கிப்போன சிரிப்பு திரும்ப மேலே வரும். அன்றைக்கு மூன்று தடவை வந்தது. கர்த்தர் மனசுக்குள் கூப்பிடுவதைத்தான் கேட்டார்கள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். நான் நின்றேன், அட்டையைத் திருப்பித் தருவார்களா என்று. தந்தார்கள். இம்முறை இல்லை என்று இன்னொரு அட்டை பிற்பாடு வந்தது, அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டார்கள், பட்டம் படித்தவர்களுக்குத்தான் குருப்பட்டம் என்று ஆகிவிட்டது. எனக்கு இம்முறையே எம்முறையும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் பஸ் பிடித்து ஊர் வந்து சேரும் முன்னே கதை வந்து சேர்ந்திருந்தது. சார்வாள் மோட்டார் சைக்கிளில் வந்தவர் இல்லையா. பிறகு எவன் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை வைக்க வருகிறவன் வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டு, "உபதேசியாரே, வெளியான அழைப்பு இது, உள்ளான அழைப்பு கர்த்தர் தருவாரு" என்பான். ஞானஸ்நானத்துக்குச் சொல்வான், வீடு பால் காய்ச்சுவதற்குச் சொல்வான். துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில் கூட ஒருவன் சொன்னான். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை கல்யாணம். நான் போன கல்யாணத்தில் எல்லாம் சாப்பாடு எனக்கு உப்பில்லாமல் இருந்தது. என் ஓய்வுபெறும் கூட்டத்தில் சால்வை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அதை நீட்டியவரும் சார்வாள்தான். கடிகாரம் ஓடவில்லை. அது அவர் செய்த வேலை இல்லை என்று அன்னப்பழம் சொல்கிறாள். இருக்கலாம். அவர் கையால் வந்தது.

இரண்டாம் மணி. எல்லாரும் எழுந்திருக்கிறோம். பவனி வருகிறது, சிலுவை, பாடகர் குழு, எட்வின் ஐயர், அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் சுகிர்தா. சார்வாளின் கடைசிப் பிள்ளை. மூன்று பையன்களுக்கு அப்புறம் ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள். பிறக்கும் முன்னே, இதை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று சார்வாள் பொருத்தனை பண்ணினார், நாலாவதும் ஆண்பிள்ளைதான் என்ற தைரியத்தில். பெண்ணாகப் பிறந்தது. பெண்பிள்ளைக்குப் பட்டம் உண்டா, பொருத்தனை செல்லுமா என்று ஊரில் அப்போது பேசிப் பேசிச் சிரித்தார்கள், அந்த ஒரு தடவைதான் சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது, எனக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம். பிறகு பெண்களுக்கும் உண்டு என்று ஆகிவிட்டது. அந்த மனிதருக்கு எல்லாம் வழிவிட்டுக் கொடுக்கும். அவள் முன்பெஞ்சில் உட்காருகிறாள். பின்கழுத்து மட்டும் தெரிகிறது, மெலிந்த கழுத்து, நடுவில் ஒரு பள்ளம். அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு பாட முடியவில்லை, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன், கோயில்பிச்சை அதை வாங்கித் திருப்பித் தருகிறான். சார்வாள் செத்து ஒரு மாதம் கழித்து அவள் பூ வைக்க வந்தாள். கல்லறைத் தோட்டத்துச் சாவி அப்போதும் என்னிடம்தான், இப்போதும் என்னிடம்தான். திறந்துவிட்டுப் போகாமல் நின்றேன், ஏன் நின்றேன் என்றால், அவர் மேல் எவ்வளவு புல் முளைத்திருக்கிறது என்று பார்க்க. அவள் பூவை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே பேசினாள். "உபதேசியாரே, நாளைக்கு இன்டர்வியூ. அழைப்பு உண்டான்னு கேப்பாங்களாம். எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அப்பா பொருத்தனை பண்ணிட்டாங்க, அதுக்குத்தான் போறேன். கேட்டா என்ன சொல்ல?" உலகத்தில் இத்தனை பேர் இருக்க என்னிடம். அந்தக் கேள்வியை, அந்த ஆளின் கல்லறை மேல் நின்று, என்னிடம். தெரியாமல் கேட்டாளா, தெரிந்து கேட்டாளா என்று இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை.

பாவ அறிக்கை. முழங்கால் போட முடியாதவர்கள் குனிந்துகொள்ளலாம். குனிகிறேன், காகிதம் மடங்கி இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. அவள் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்பது காகிதத்தில் இல்லை. இருக்குன்னு சொல்லு, என்றேன். உண்டுன்னு மட்டும் சொல்லு, வேற பேச்சு பேசாத, பைக்குள்ள கையை விடாத, என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் கதவைப் பூட்டினேன். பூட்டும்போது என் மனசில் என்ன இருந்தது. பிள்ளை சிரிப்புக்கு ஆளாகக் கூடாது என்று இருந்ததா. இருந்தது, அது சத்தியம், ஒரு வீசம் இருந்தது. மீதி? சார்வாள் மகள் பொய் சொல்லி ஐயராகப் போகிறாள், அந்தப் பொய் என் கையில் இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று இருந்ததா. இருந்தது. நானே முடிந்து கொடுத்த முடிச்சு. ஏழு வருஷம் அதை அவிழ்க்காமல் வைத்திருந்தேன், அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்வேன். எல்லாரும் சேர்ந்து அறிக்கை சொல்கிறார்கள், எனக்கு மனப்பாடம், உதடு தானாக அசைகிறது, ஒவ்வொரு வரியும் வேறு யாருக்காகவோ எழுதின மாதிரிதான் இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறேன். சார்வாள் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு அந்த நினைப்பு ஒட்டவில்லை. பிப்ரவரி மாதம் ஆஸ்பத்திரியில், வேண்டாம், அதை இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் எழுந்து நிற்க முடியாது.

முதல் பாடம் வாசிக்கிறார்கள். வாசிக்கிற பிள்ளைக்கு மைக் எட்டவில்லை, கீச்சென்று சத்தம். எழுந்து நிற்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டால்? குரல் நடுங்கினால்? காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். இல்லை, நானே வாசிக்க வேண்டும். மேற்படி சுகிர்தா என்று வாசிக்கும்போது அந்தக் கழுத்து திரும்பும். திரும்பினால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் நகவெட்டி ஞாபகம் வரும். வந்துவிட்டது. அன்னப்பழம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தாள். அந்த ஆஸ்பத்திரியில்தான் சுகிர்தாவுக்குப் பயிற்சி ஊழியம். தினமும் வருவாள். வந்து சத்தமாக ஜெபம் பண்ண மாட்டாள், வசனம் எழுதின அட்டை நீட்ட மாட்டாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் நகவெட்டியோடு வந்தாள். அன்னப்பழத்தின் கால்நகத்தை வெட்ட ஆரம்பித்தாள், எனக்கு அது தோன்றவே இல்லை, பத்து நாளாக அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நகம் கண்ணில் படவில்லை. அன்னப்பழம் மயக்க மருந்தில் பாதிக் கண்ணைத் திறந்து, "ஐயரம்மாவா?" என்றாள். "நான் ஐயரும் ஆகல, ஐயருக்கு வாக்கப்படவும் இல்ல. சுகிர்தா. அசையாதீங்க, சதையில பட்டுரும்" என்றாள் அவள். "அப்ப நாளைக்கு நீ ஐயரான பெறவு உன்ன என்னன்னு கூப்பிட?" "கால ஆட்டாம கூப்பிட்டா எப்படி வேணாலும் கூப்பிடுங்க." அன்னப்பழம் சிரித்தாள், விழுந்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. சார்வாள் வீட்டுச் சிரிப்புக்கு நாங்கள் குடும்பத்தோடு ஆளாகிவிட்டோமா என்று வந்தது. கேட்டுவிட்டேன்.

"அழைப்பு வந்திட்டா?" என்று கேட்டேன். நகவெட்டி நின்றது. "இன்னும் வரல, உபதேசியாரே." "அப்ப அன்னைக்குப் பொய் சொல்லித்தான் உள்ள போனியோ?" "நீங்க சொன்ன மாதிரி சொல்லணும்னுதான் போனேன். வாயில வரல. தெரியலன்னு சொல்லிட்டேன். போயிட்டு அடுத்த வருஷம் வான்னுட்டாங்க. அடுத்த வருஷமும் தெரியலன்னுதான் சொன்னேன். பிறகு எதுக்கும்மா திரும்ப வந்தேன்னு கேட்டாங்க. கூப்பிட்டா காதுல விழுற தூரத்துல இருக்கணும்லா, அதுக்குத்தான்னு சொன்னேன்." அடுத்த விரலுக்குப் போனாள். ஒரு நகம், இரண்டு நகம், சின்னச் சத்தம். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்த அட்டைக் கதைய அப்பா கடைசி வரைக்கும் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குத் தெரியும். நீங்க அவங்கள மன்னிக்கணும்னு கேக்க நான் வரல. அது உங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. இவங்களுக்கு நகம் வளந்திருந்துச்சு, அதான் வந்தேன்." நான் வெளியே வராந்தாவுக்கு வந்து, ஏதோ வாங்கப் போகிறவன் மாதிரி மாடிப்படி இறங்கி, ஒன்றும் வாங்காமல் திரும்ப ஏறினேன். ஆக, அவள் பொய் சொல்லவில்லை. என் முடிச்சுக்குள் ஒன்றும் இல்லை. இது தெரிந்தேதான் நேற்று எழுதினேன். காகிதத்தில் இருக்கிற நாலு வரியும் உண்மை, எழுதாமல் விட்டதைச் சேர்த்துப் பார்த்தால் நாலும் பொய். ஏன் எழுதினேன்? தெரியல என்று சொன்னவளுக்கு அங்கி தைக்கிறார்கள். எனக்கும்தான் தெரியாது. தெரியல என்று சொல்லலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. அந்தப் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று தெரியல ஐயா என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, பைக்குள் கைவிட்டேன். அதுதான் ஆறவில்லை. சார்வாள் சிரிப்பைக் கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம், இதை எந்தப் பக்கம் வைக்க.

விசுவாசப் பிரமாணம் முடிந்து உட்காருகிறோம். அறிவிப்புகள். பெண்கள் ஐக்கியக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. ஓய்வுநாள் பள்ளிப் பரீட்சை. குடிதண்ணீர்க் குழாயைத் திறந்தவர்கள் மூடவும். எட்வின் ஐயர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு வேறொரு தாளை எடுக்கிறார், நீளமான தாள், அதன் ஓரம் ஃபேன் காற்றில் படபடக்கிறது. நம்முடைய சபையைச் சேர்ந்த செல்வி சுகிர்தா, காலஞ்சென்ற வேதமாணிக்கம் அவர்களின் குமாரத்தி. காலஞ்சென்ற. அந்தப் பேர் இன்றைக்கும் இந்தக் கோயிலில் மைக்கில் வருகிறது. இவரைக் குருத்துவப் பணிக்கு ஏற்படுத்துவதற்குத் தடையான காரணம் எதையாவது அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம், அல்லது ஏழு நாட்களுக்குள் பேராயருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தாளைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் நேரம் விட வேண்டும், அது முறை. ஃபேன் சத்தம். யாரோ இருமுகிறார்கள். எனக்கு இந்த இடத்தில் ஏன் உப்பளம் ஞாபகம் வருகிறது. பத்தொன்பது வயது, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை, மத்தியான வெயில், பாத்தியில் பலகையால் உப்பை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன், கண்ணெல்லாம் வெள்ளை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் கொட்டகைக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். திடீரென்று திரும்பிப் பார்த்தேன். சத்தம் ஒன்றும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. பின்னால் உப்பு, அதற்குப் பின்னால் உப்பு, வானம். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன், யாரோ கூப்பிட்டால் திரும்புகிற மாதிரி, கழுத்து தானாகத் திரும்பியது. பலகையை வரப்பில் வைத்துவிட்டு, காலைக் கூடக் கழுவாமல் நடந்து போய், அந்த ஊர் ஐயர் வீட்டு வாசலில் நின்று, எனக்கு ஏதாவது கோயில் வேலை உண்டுமா என்று கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்னப்பழத்திடம் கூட. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது, கேட்காத சத்தத்துக்குத் திரும்பினான் ஒருவன் என்று சொன்னால் அட்டைக்குச் சிரித்ததை விட அதிகம் சிரிப்பார்கள் என்று இருந்துவிட்டேன். அத்தியட்சர் கேட்டது அதைத்தானோ. நான் அட்டையை எடுக்காமல் அதைச் சொல்லியிருந்தால்.

எழுந்து நின்றுவிட்டேன். முழங்கால் ஒன்றும் பண்ணவில்லை, கால்கள் எனக்குத் தெரியாமல் எழுந்துவிட்டன. கோயிலில் இருக்கிற அத்தனை தலையும் திரும்புகிறது, பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன. கோயில்பிச்சை என் வேஷ்டியைப் பிடித்து இழுக்கிறான், "உக்காரும் அண்ணாச்சி, உக்காரும்." கடைசியாக முன்பெஞ்சில் அந்தக் கழுத்து திரும்புகிறது. முகம் வெளிறியிருக்கிறது. பயம்தான், பயம் இல்லாமல் இருக்குமா, அவளுக்குத் தெரியும் என்னிடம் என்ன இருக்கிறது என்று. கண்ணை மட்டும் விலக்கவில்லை. என் கை சட்டைப் பைக்குப் போகிறது. காகிதம் விரலில் படுகிறது. பைக்குள்ள கையை விடாத என்று நான்தான் சொன்னேன், இதே பிள்ளையிடம். கையை வெளியே எடுக்கிறேன். வெறும் கை. "சொல்லுங்க உபதேசியாரே" என்கிறார் எட்வின் ஐயர், மைக்கில் அவர் மூச்சு கேட்கிறது.

"ஆட்சேபணை இல்ல" என்கிறேன்.

ஐயர் என்னையே பார்க்கிறார். "என்ன உபதேசியாரே?" "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லன்னேன்." "அது வந்து, ஆட்சேபணை உள்ளவங்கதான் எந்திரிக்கணும் உபதேசியாரே. இல்லாதவங்க சும்மா உக்காந்திருந்தா போதும்." "நீங்க கேட்டியள்லா. அதான் சொன்னேன்." சிரிப்பு வருகிறது. முதலில் பாடகர் குழுவில் ஒரு மூலையில், பிறகு பெஞ்சு பெஞ்சாக, கோயில் முழுக்க. கோயில்பிச்சை என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு சிரிக்கிறான், எட்வின் ஐயர் தாளால் வாயை மறைத்துக்கொள்கிறார். திரும்பவும் அதே ஆள், அதே மாதிரி, கேட்டது ஒன்று சொன்னது ஒன்று. சாகிற வரைக்கும் இனி இதைச் சொல்லி வெற்றிலைத் தட்டு நீட்டுவார்கள். நான் நின்றுகொண்டே இருக்கிறேன், வலிக்கப்போகிறது என்று காத்துக்கொண்டு. சுகிர்தாவும் சிரிக்கிறாள். தோள் இரண்டும் குலுங்குகிறது, மூக்கில் கனைப்பு, பிறகு பல். அப்படியே அவர். ஒரு மயிரிழை மாறவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, சேலைத் தலைப்பால் துடைக்கிறாள், திரும்பச் சிரிப்பு வருகிறது, திரும்பத் துடைக்கிறாள். கொஞ்சம் வலித்தது. நினைத்த அளவு இல்லை. உட்காருகிறேன். பெண்கள் பக்கம் பார்க்கிறேன். அன்னப்பழம் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிரசங்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. சார்வாளிடம் பேசிக்கொண்டிருந்தேன். இது உமக்காகச் செய்யல வே, என்று சொன்னேன், உம்ம கணக்கு அப்படியே இருக்கு, புல்லு இன்னும் முளைக்கட்டும். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால் வெயில் ஏறிவிட்டது. எட்வின் ஐயர் படியில் நின்று கைகொடுத்துக்கொண்டிருக்கிறார். அன்னப்பழம் கைத்தடியை ஊன்றி என் பக்கத்தில் வந்து நின்று, என் பையைத் தட்டிப் பார்க்கிறாள். காகிதம் மொடமொடவென்கிறது. "சட்டையத் துவைக்கப் போடும்போது பையப் பாத்துப் போடுங்க. கறை ஒட்டிச்சுன்னா போகாது" என்கிறாள். "நீயே எடுத்துக்க. அடுப்புக்காகும்" என்கிறேன். எடுக்கிறாள், பிரித்துப் பார்க்கவில்லை, இடுப்பில் செருகிக்கொள்கிறாள். தூரத்தில் கேட்டுப் பக்கம் வெள்ளைச் சேலை போகிறது. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெண்கள் நாலு பேர் சுற்றிக்கொண்டு அக்கா என்கிறார்கள், மேடம் என்கிறார்கள், அம்மா என்கிறார்கள், ஆளுக்கொரு பேர். "பாருங்க, என்னன்னு கூப்பிடன்னு யாருக்கும் தெரியல" என்கிறாள் அன்னப்பழம்.

"ஐயரே" என்கிறேன்.

எட்வின் ஐயர் திரும்புகிறார். "உங்கள இல்ல" என்கிறேன். அவர் கை பாதியில் நிற்கிறது. கோயில்பிச்சை உதட்டைக் குவித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். முப்பத்தேழு வருஷம் மைக் இல்லாமல் பிரசங்கம் பண்ணின தொண்டை, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று நினைத்து இழுத்துப் பார்க்கிறேன். "ஐயரே."

கேட்டைத் தாண்டிப் போனவள் நிற்கிறாள். கழுத்து திரும்புகிறது. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிற முகம், பிறகு தன்னைத்தான் என்று தெரிந்துகொள்கிற முகம். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நாலைந்து எட்டு திரும்பி நடந்து வருகிறாள்.

"கூப்பிட்டீங்களா, உபதேசியாரே?"

"கூப்பிட்டேன்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. காதுல விழுதான்னு பாத்தேன்."